மரவள்ளித் தேமல்: வைரஸின் பெருகு புரதம் மாறினால் நோய் தானாக அடங்குமா?

தலைவாசல்_விவசாயி

எல்லாருக்கும் வணக்கமுங்க. தலைவாசல் பக்கம் நம்ம தோட்டம். அப்பா காலத்துல இருந்து குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளிதான். இந்தப் பட்டம் முள்ளுவாடி ரகம் போட்டதுல பாதிக்கு மேல தேமல் விழுந்துருச்சுங்க. கொழுந்து எலை மஞ்சளும் பச்சையுமா திட்டுத் திட்டா வருது. எலையில ஒரு பக்கம் வளருது, மறுபக்கம் வளராம கோணிக்குது. பக்கத்துத் தோட்டத்துலயும் இதே குச்சிதான், இதே வாரம்தான் நட்டாங்க. அங்க லேசா மஞ்சள் தட்டுனதோட சரி, செடி நல்லாத்தான் நிக்குது.

மருந்துக்கடையில ஒருத்தர் சொன்னாருங்க: "வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும். அது பெருகறதுக்கு வச்சிருக்கற புரதத்துல மாத்தம் வந்துட்டா வீரியம் போயிரும். ரெண்டு பட்டம் விட்டா தானா அடங்கிரும்"னு. இது நெசமுங்களா? நெசம்னா இதே குச்சியை அடுத்த நடவுக்கு எடுத்து வைக்கலாம்னு பாக்கறேன். வெளியில குச்சி வாங்கற வெலை உங்களுக்கே தெரியும். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாழப்பாடிப்_பெண்

ஐயா வணக்கம். எனக்கு ஊர் வாழப்பாடி. கோயம்புத்தூரில் பயிர் வைரஸ்களைப் பற்றித்தான் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறேன். முதலில் பதில்: அந்தக் குச்சியை எடுத்து வைக்காதீர்கள். காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கம் மரவள்ளியில் தேமல் உண்டாக்குவது இரண்டு வைரஸ்கள். ஒன்று இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், மற்றது இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பது இரண்டாவது. இரண்டும் ஜெமினி வைரஸ் குடும்பம். அதன் மரபுப்பொருள் இரண்டு டிஎன்ஏ வளையங்கள், ஏ, பி என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். இரண்டிலும் சேர்த்து மரபணுக்கள் ஏழெட்டுக்கு மேல் இல்லை.

இவ்வளவு சிறிய வைரஸிடம் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி கிடையாது. டிஎன்ஏ பாலிமரேஸ் எனப்படும் அந்த நொதி செடியினுடையது. வைரஸ் தன் பக்கத்திலிருந்து கொண்டுவருவது முக்கியமாக ஒரு புரதம், 'ரெப்'. ஏறத்தாழ 350 அமினோ அமிலம் நீளம். மருந்துக்கடைக்காரர் சொன்ன பெருகு புரதம் இதுதான்.

ரெப் செய்கிற வேலைகள் பல. வைரஸ் வளையத்தில் தொடக்க இடம் எது என்று கண்டுபிடிக்கும். அங்கே ஒரு கொண்டை போல வளைந்து நிற்கும் பகுதியில் இழையைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டும். வெட்டிய முனையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். புது இழை சுற்றிச் சுற்றி வளர்ந்து முடிந்ததும் பழைய இழையை மறுபடி வளையமாக ஒட்டிவிடும். இன்னொரு வேலையும் உண்டு. வளர்ந்து முடிந்த இலைச் செல் தன் டிஎன்ஏவை நகலெடுப்பதை நிறுத்தியிருக்கும். அந்தச் செல்லை மறுபடி நகலெடுக்கும் நிலைக்குத் தள்ளுவதும் ரெப்தான்.

ஆகவே "ரெப்பில் மாற்றம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த வேலைக்கான இடத்தில் மாற்றம் என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் ஒரே எழுத்து மாறினாலும் வைரஸ் அத்தோடு முடிந்தது. சில இடங்களில் மாறினால் பெருகும், ஆனால் பரவாது. சில இடங்களில் ஒன்றும் ஆகாது.

ரசாயன_வாத்தியார்

அம்மா, நான் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். "ஒரே எழுத்து மாறினால் முடிந்தது" என்றீர்கள். இழையை வெட்டும் இடத்தில் வேதியியல் என்ன நடக்கிறது? வெட்டிய முனையைப் பிடித்துக்கொண்டிருப்பது என்றால் சகப்பிணைப்பா?

வாழப்பாடிப்_பெண்

ஆமாம் சார், சகப்பிணைப்பேதான். ரெப்பில் டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்று உண்டு. இதே குடும்பத்துத் தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸில் அது 103ஆவது இடம். இதை 1995இல் நிரூபித்தார்கள். அந்த டைரோசினின் ஹைட்ராக்சில் ஆக்சிஜன் டிஎன்ஏவின் பாஸ்பேட்டைத் தாக்கும். இழை அறுந்து, அதன் 5' முனை டைரோசினோடு ஒட்டிக்கொள்ளும். வெட்டும் இடம் ஏறக்குறைய எல்லா ஜெமினி வைரஸிலும் ஒன்றே: டிஏஏடிஏடிடி என்ற ஏழு எழுத்துக்கும் ஏசி என்ற இரண்டு எழுத்துக்கும் நடுவில்.

இந்த டைரோசினுக்குப் பதில் பினைலலனின் என்ற அமினோ அமிலத்தை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வளையம் அப்படியே இருக்கும், ஹைட்ராக்சில் மட்டும் போய்விடும். புரதத்தின் உருவம் ஏறக்குறைய மாறாது. ஆனால் வெட்டு விழாது, நகலெடுப்பு தொடங்கவே தொடங்காது.

நோயுள்ள செடியின் டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டி, வைரஸ் எங்கே இருக்கிறது என்று தேடினால் பட்டைகள் தனித்தனியாகத் தெரியும்: முறுக்கிய வளையம் ஒன்று, தளர்ந்த வளையம் ஒன்று, நேராக நீண்டது ஒன்று, எல்லாவற்றுக்கும் கீழே ஒற்றை இழை. அந்த டைரோசின் மாறிய வைரஸைச் செலுத்திய செல்களில் புது நகலுக்கான பட்டைகள் வராது. அந்த வரிசை வெறுமையாக இருக்கும்.

இதே போல இழையைப் பிரிக்கும் பகுதி புரதத்தின் பின்பாதியில் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைப் பிடிக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் அங்கே உண்டு, அதை மாற்றினாலும் பெருக்கம் நின்றுவிடும்.

தலைவாசல்_விவசாயி

பாப்பா, நீ சொல்றதை நான் இப்படிப் புரிஞ்சுக்கறேன். வைரஸுகிட்ட மோட்டாரு இல்ல. அடுத்தவன் கெணத்து மோட்டாருல இவன் பைப்பை மாட்டித் தண்ணி எடுக்கறான். பைப்பை மாட்டற ஆளுதான் அந்த ரெப்பு. சரியா கண்ணு?

அப்படின்னா அந்த ஆளுக்குக் கை போயிட்டா தண்ணி நின்னு போகும். கடைக்காரரு சொன்னது சரின்னுதானே ஆகுது?

வாழப்பாடிப்_பெண்

சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. ஆனால் கை போன அந்த ஒரு வைரஸ் மட்டும்தான் நிற்கும். உங்கள் செடியின் ஒரு இலையிலேயே எண்ணிலடங்காத வைரஸ்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் ரெப் கெட்டுப்போனால் அவை பெருகாமல் பின்தங்கும், நல்ல ரெப் உள்ளவை முந்திக்கொள்ளும். நீங்கள் கண்ணால் பார்க்கும் நோய், முந்தியவற்றின் வேலை. செயலிழந்தவை நம் கண்ணுக்கே வராது.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. தக்காளி கோல்டன் மொசைக் வைரஸ் என்று ஒரு உறவுக்கார வைரஸ். அதன் ரெப், செடியின் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தைப் பிடித்து மடக்கித்தான் இலைச் செல்லை மறுபடி வேலை செய்ய வைக்கிறது. அந்தப் பிடிக்கிற இடத்தில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றினார்கள். வைரஸ் பெருகியது, ஆனால் நரம்பை ஒட்டிய செல்களை விட்டு வெளியே போக முடியவில்லை. இலை முழுக்கத் திட்டாக வர வேண்டிய மஞ்சள், நரம்போரம் மட்டும் வந்தது. நகலெடுப்பு நின்றுவிடாமல் நோய் மட்டும் குறைந்தது.

இதைக் கேட்டதும் நமக்கு நம்பிக்கை வருகிறது, இல்லையா? ஆனால் 2007இல் வந்த ஆய்வைப் பாருங்கள். அதே பகுதியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, அந்த வைரஸைச் செடியில் விட்டார்கள். நோய் வளர வளர, மாற்றிய எழுத்து மறுபடி பழைய எழுத்தாகவே திரும்பிவிட்டது. எங்கோ ஓரிரு செடியில் மட்டும் நடந்ததில்லை, அடிக்கடி நடந்தது. பலவீனமான வைரஸ் பலவீனமாகவே இருந்துவிடும் என்று எண்ண இடமில்லை.

கிச்சிப்பாளையம்_லேப்

நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மனித வைரஸ்களில் இதற்கு நேர்மாறாகவும் ஒரு விஷயம் படித்திருக்கிறேன். போலியோ வைரஸின் பாலிமரேஸில் 64ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் வந்தால் நகலெடுப்பில் பிழை குறைகிறது. பெருக்கம் ஏறக்குறைய அதேதான். பிழை குறைந்ததால் வைரஸ் வலுவடையும் என்று தோன்றும். ஆனால் எலிகளில் அது வலுவிழந்தது. பிழைகளால் வரும் பலவிதமான நகல்கள் இல்லாததால் உடம்புக்குள் புதுப்புது இடங்களுக்குப் போக முடியவில்லை.

கொரோனாவிலும் பிழை திருத்தும் புரதம் ஒன்று உண்டு. பழைய சார்ஸ் வைரஸில் அதை முடக்கினால் வைரஸ் தட்டுத்தடுமாறிப் பிழைத்தது, பிழைகள் பெருகின. 2019இல் வந்த வைரஸில் அதை முடக்கியபோது வைரஸையே மீட்டெடுக்க முடியவில்லை. உறவு நெருக்கம், மாற்றம் ஒன்று, ஆனால் விளைவு வேறு. இதனால்தான் ஒரு வைரஸில் கண்டதை வைத்து இன்னொன்றைச் சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது.

வாழப்பாடிப்_பெண்

நல்ல எடுத்துக்காட்டு, நன்றி அண்ணா. ஜெமினி வைரஸ் டிஎன்ஏ வைரஸ்தான், நகலெடுப்பதும் செடியின் பாலிமரேஸ்தான், ஆகவே மெதுவாக மாறும் என்றுதான் முன்பு எல்லோரும் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது மாறும் வேகம் ஆர்என்ஏ வைரஸ்களுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தது. மரவள்ளி வைரஸிலும் அப்படித்தான்.

மலைமிளகு

ஏற்காட்டிலிருந்து. காபியும் மிளகும் எங்கள் தொழில். மிளகுக் கொடியில் குட்டை நோய் என்று இலை சிறுத்து, கணு நெருங்கிப் போகும். அதற்கு வெள்ளரித் தேமல் வைரஸும் மிளகு மஞ்சள் திட்டு வைரஸும் காரணம் என்று சொல்கிறார்கள். அவற்றுக்கும் இந்த ரெப் உண்டா?

இன்னொரு கேள்வி, இதை நான் அழுத்திக் கேட்கிறேன். பிரேசிலில் ஆரஞ்சு மரங்களுக்கு டிரிஸ்டெசா வைரஸின் மென்மையான வகையை முன்கூட்டியே ஏற்றி, கடுமையான வகையிலிருந்து காப்பாற்றினார்கள். பல ஆண்டு நடந்த வேலை. அப்படியிருக்க ரெப்பை ஆய்வகத்தில் பலவீனமாக்கி, அந்த வைரஸை மரவள்ளிக்குத் தடுப்பூசி போல ஏற்றினால் என்ன? விவசாயிக்கு வழி காட்டாமல் "முடியாது" என்று மட்டும் சொல்வது சரியில்லை.

வாழப்பாடிப்_பெண்

மிளகைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளரித் தேமல் வைரஸ் ஆர்என்ஏ வைரஸ், தன் பாலிமரேஸைத் தானே செய்துகொள்ளும். அந்தப் புரதத்தின் நடுவே கிளைசின், அஸ்பார்டிக், அஸ்பார்டிக் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும். அதைக் கெடுத்தால் நகலெடுப்பு நின்றுவிடும். மிளகு மஞ்சள் திட்டு வைரஸ் வேறு வகை, ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவைத் திருப்பி எழுதும் நொதி அதனிடம் உண்டு. இரண்டிலும் ரெப் கிடையாது.

தடுப்பூசிக் கேள்வி நியாயமானது. ஆரஞ்சில் அது நடந்தது உண்மை. மரவள்ளியில் நான் அதை ஏன் எதிர்க்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒரு காரணத்தை மேலேயே எழுதினேன், மாற்றம் பழைய நிலைக்குத் திரும்புவது. மற்றது இன்னும் பெரியது. ஜெமினி வைரஸ்கள் ஒரே செடியில் சேர்ந்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். நம் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸே அப்படிப் பிறந்ததுதான். அதன் பி வளையத்தைப் படித்துப் பார்த்தால் பெரும்பகுதி இந்திய மரவள்ளித் தேமல் வைரஸுடையது. ரெப் அடையாளம் காணும் தொடக்கப் பகுதி மட்டும் இலங்கை வைரஸின் ஏ வளையத்துடையது. அதாவது ஏ வளையம் மட்டும் வைத்திருந்த ஒரு வைரஸ், இன்னொரு வைரஸின் பி வளையத்தைப் பிடித்து, தன் ரெப்புக்குப் புரியும் அடையாளத்தை அதில் பதித்துக்கொண்டது. 2002இல் இதை எழுதினார்கள்.

ரெப் எல்லாத் தொடக்க இடத்தையும் ஏற்காது என்பதுதான் இங்கே அடிப்படை. அங்கே திரும்பத் திரும்ப வரும் சிறு வரிசை ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் தன்னுடையதா என்று பார்க்கும். புது தில்லி தக்காளி இலைச்சுருள் வைரஸின் கடுமையான வகை, மென்மையான வகை இரண்டையும் ஒப்பிட்டபோது, ரெப்பின் 10ஆவது அமினோ அமிலம் அந்த அடையாளம் காண்பதில் முக்கியம் என்று தெரிந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம்!

அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பலவீன வைரஸை ஆத்தூர், கெங்கவல்லி முழுக்க நாமே பரப்பினால் என்ன ஆகும்? வயலில் ஏற்கெனவே உள்ள வைரஸோடு துண்டு மாற்றிக்கொள்ள நாமே சரக்குக் கொடுத்ததாகிவிடும். குச்சி மூலம் பயிராவதால் அது அடுத்த பட்டத்துக்கும் வரும், வெள்ளை ஈ மூலம் அடுத்த தோட்டத்துக்கும் போகும். திரும்ப எடுக்க வழியில்லை. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

ரசாயன_வாத்தியார்

ஒரு சந்தேகம். அமினோ அமிலம் மாறாமல் எழுத்து மட்டும் மாறும் மாற்றங்கள் இருக்கின்றனவே, அவை தீங்கில்லாதவைதானே?

வாழப்பாடிப்_பெண்

மற்ற உயிர்களில் பெரும்பாலும் அப்படிச் சொல்லலாம் சார். இங்கே கவனம் வேண்டும். ரெப் மரபணுவுக்கு உள்ளேயே, படிக்கும் சட்டகம் ஒரு எழுத்து தள்ளி, ஏசி4 என்ற இன்னொரு மரபணு அடங்கியிருக்கிறது. செடியின் தற்காப்பை முடக்குவதில் ஏசி4க்குப் பங்குண்டு. ரெப்பின் கடைசிப் பகுதியோடு ஏசி2 என்ற மரபணு மேலேறி நிற்கும், அந்த ஏசி2வோடு ஏசி3 மேலேறி நிற்கும். ஏசி3 நகலெடுப்பைப் பல மடங்கு கூட்டுவது. ஆகவே ரெப்புக்கு ஒன்றும் செய்யாத எழுத்து மாற்றம் பக்கத்துப் புரதத்தை மாற்றிவிடலாம். நோய் குறைந்தால் அது ரெப்பால்தான் என்று உடனே முடிவு கட்ட முடியாததும் இதனால்தான்.

ஆத்தூர்_சேகோ

பேச்சு நல்லாத்தான் போகுது, ஆனா எங்க கவலையையும் கேளுங்க. சேகோ மில்லுக்கு வர்ற கிழங்குல தேமல் விழுந்த தோட்டத்துக் கிழங்கு சிறுத்து வருது, மாவுச்சத்துப் பாயிண்ட் அடிபடுது. விவசாயிக்கும் நட்டம், எங்களுக்கும் நட்டம். 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. கிழங்கு இல்லாம குறியீட்டை வச்சு என்ன பண்றது? பிரேசில்ல வைரஸ் தாக்காத அவரை மாதிரி ஒரு பயிருக்கு மரபணு மாத்தி விதை விட்டுட்டாங்கன்னு கேள்வி. நமக்கு ஏன் வரலே?

வாழப்பாடிப்_பெண்

அண்ணா, நீங்கள் சொல்வது பீன்ஸ். பிரேசில் அரசின் எம்ப்ராபா நிறுவனம் செய்தது, 2011இல் அனுமதி கிடைத்தது. பீன்ஸ் கோல்டன் மொசைக் வைரஸின் இந்த ரெப் மரபணுவைத்தான் குறிவைத்தார்கள். ரெப்புக்கான செய்தி இழை உருவானதும் செடியே அதைத் துண்டாக்கிவிடும்படி அமைத்தார்கள். ரெப் இல்லையென்றால் வைரஸுக்கு வேறு வழியில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

மரவள்ளிக்கு மரபணு மாற்றம் இல்லாமலே ஒரு பாதை இருக்கிறது, எனக்கு அதில்தான் அதிக நம்பிக்கை. நைஜீரியாவின் சில நாட்டு ரகங்களுக்குத் தேமலைத் தாங்கும் சக்தி இயல்பாக உண்டு. சிஎம்டி2 என்று அதற்குப் பெயர். பல ஆண்டு தேடி, 2022இல் அது எந்த மரபணு என்று காட்டினார்கள். செடியின் டிஎன்ஏ பாலிமரேஸ் டெல்டாவின் ஓர் உறுப்பு! அந்த நொதியின் செயல்மையத்துக்கு அருகே அமினோ அமிலம் மாறியிருந்தது. தலைவாசல் ஐயா சொன்ன கணக்கில், மாற்றம் மோட்டாரில். செடி தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது, வைரஸால் முன்போலப் பெருக முடியவில்லை.

இதைப் படித்த நாளில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பெருகு புரதம் என்றால் வைரஸின் பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம், பதில் செடியின் பக்கம் இருந்தது. வைரஸின் ரெப்பில் வரும் மாற்றம் ஒரு பட்டத்திலேயே பழையபடி திரும்பிவிடலாம். செடியின் பாலிமரேஸில் உள்ள மாற்றம் குச்சியோடு வரும். ஆனால் திசு வளர்ப்பில் கருவுருவாக்கம் வழியாகச் செடி எடுத்தபோது இந்த எதிர்ப்பு போய்விட்டதும் உண்டு. அதனால் எங்கே, எப்படிப் பெருக்கிய குச்சி என்று கேட்டு வாங்குங்கள்.

திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் விட்ட ஸ்ரீ பத்மநாபா நைஜீரியா வழி வந்த, தேமல் தாங்கும் ரகம். அதற்குப் பின் ஸ்ரீ ரக்ஷா போன்றவையும் வந்தன. நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் இந்தப் பகுதி மண்ணுக்கு எது சரி என்று சொல்வார்கள். பாயிண்ட் எவ்வளவு வரும் என்பதையும் அங்கேயே கேளுங்கள் அண்ணா, மில்லுக்கு அதுதானே முக்கியம்.

மலைமிளகு

தடுப்பூசி பற்றிய உங்கள் பதிலை முழுதாக ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். திரும்ப மாறவே முடியாதபடி ஒரு பெரிய துண்டையே நீக்கினால் பழையபடி திரும்பாதே? ஆனால் இலங்கை வைரஸ் பிறந்த கதை யோசிக்க வைக்கிறது. அந்த வைரஸ் கம்போடியாவுக்கும் போனதாகப் படித்தேன்.

வாழப்பாடிப்_பெண்

பெரிய துண்டை நீக்கினால் திரும்பாது, உண்மை. ஆனால் பக்கத்து வைரஸிடமிருந்து அந்தத் துண்டை வாங்கிக்கொள்ளும் வழி திறந்தே இருக்கிறது. என் பயம் அங்கேதான்.

கம்போடியாவில் 2015இல் கண்டார்கள், பிறகு வியட்நாம், தாய்லாந்து. கடல் தாண்டி அவ்வளவு தூரம் ஈ பறந்து போயிருக்க முடியாது. குச்சி போன வழியில்தான் போயிருக்க வேண்டும்.

தலைவாசல்_விவசாயி

அப்ப பக்கத்துத் தோட்டம் நல்லா இருக்கறது எதனால கண்ணு? அதே குச்சிதானே?

வாழப்பாடிப்_பெண்

இலையைச் சோதிக்காமல் ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது ஐயா. எனக்கு முதலில் தோன்றுவது ரெப் இல்லை, தொற்று வந்த நேரம். குச்சியிலேயே வைரஸ் இருந்தால் முதல் கொழுந்திலிருந்தே தேமல் தெரியும், கிழங்கு மிகவும் அடிபடும். செடி வளர்ந்த பிறகு வெள்ளை ஈ கொண்டுவந்தால் கீழ் இலை சுத்தமாக இருக்கும், மேலே மட்டும் தெரியும், இழப்பு குறைவு. ஒரே கட்டுக் குச்சியானாலும் எல்லாக் குச்சியிலும் வைரஸ் இருக்க வேண்டியதில்லை. இரண்டு தோட்டத்திலும் செடியின் அடியிலிருந்து முதல் இலைகளையும், இலை உதிர்ந்திருந்தால் பக்கக் கிளைகளையும் பாருங்கள். இலையைத் திருப்பி ஈ எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.

குச்சிக்குச் செடி தேர்ந்தெடுப்பதை அறுவடை வரைக்கும் தள்ளாதீர்கள். கோடை வெயிலில் தேமல் மங்கிவிடும், நோயுள்ள செடியும் நல்ல செடி போல நிற்கும். இப்போதே சுத்தமான செடிகளுக்கு அடையாளம் கட்டுங்கள். பிறகு தேமல் வந்தால் அடையாளத்தை அவிழ்த்துவிடுங்கள், கடைசிவரை நின்றவற்றில் மட்டும் குச்சி வெட்டுங்கள். ஆரம்பத்திலேயே மோசமாகக் கோணிய செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள், வரப்போரம் போட்டால் அது மறுபடி துளிர்க்கும்.

இரண்டு தோட்டத்திலிருந்தும் கொழுந்துக்கு அடுத்த இலையைப் பறித்து, தனித்தனிச் செய்தித்தாளில் வைத்து நிழலில் காய வைத்து அனுப்பினால் பிசிஆர் செய்து எந்த வைரஸ் என்று பார்த்துச் சொல்கிறேன். ரெப் மரபணுவையும் படித்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், அழுகிவிடும். தாளின் மேல் தோட்டமும் ரகமும் நட்ட மாதமும் எழுதுங்கள்.

தலைவாசல்_விவசாயி

சரிம்மா. குச்சி எடுத்து வைக்கற நெனப்பை விட்டுட்டேன். நல்ல செடிக்கு நாளைக்கே சீலைத் துணி கட்டறேன். பக்கத்துத் தோட்டத்து மச்சான்கிட்டயும் சொல்லி எலை வாங்கிடறேன், அவரு தோட்டத்துல குங்குமரோசும் கொஞ்சம் நிக்குது, அதுலயும் ரெண்டு எலை வைக்கட்டுமா? அனுப்ப வேண்டிய வெலாசத்தைத் தனிமடல்ல போடு.

வாழப்பாடிப்_பெண்

குங்குமரோஸ் கட்டாயம் வையுங்கள் ஐயா, தேமல் உள்ளதில் ஒன்று, இல்லாததில் ஒன்று. விலாசம் அனுப்பிவிட்டேன்.

ஆத்தூர்_சேகோ

எங்க மில்லுக்குக் கெங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கமிருந்து கிழங்கு வருதும்மா. அந்தத் தோட்டங்கள்லயும் எலை சேத்துத் தர்றேன். எத்தனை வரைக்கும் உங்களால பாக்க முடியும்னு சொல்லுங்க, ஆளை அனுப்பி வைக்கறேன்.